பதினோரு கதவும் பதினோரு கூப்பனும்

திருமலைக்கொழுந்து அண்ணாச்சி கையில் ஒரு பியர் கூப்பனோடு குருவின் முன்னால் வந்து நின்றார். கையில் என்று சொல்வதுகூடத் தப்பு. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் நுனியில் பிடித்திருந்தார்.

அமெரிக்காவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய பண்ணை வீடுதான் ஆசிரமம். நீளமான தாழ்வாரம், ஆளுக்கொரு சின்ன அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையல்கட்டு. குருவையும் சேர்த்துப் பதினோரு பேர். குருவின் பெயர் மங்கையர்க்கரசி. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், வயது நாற்பத்திரண்டு. அண்ணாச்சிக்கு அறுபத்தாறு. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

அண்ணாச்சி தென்காசிப் பக்கம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் முப்பது வருஷம் ரேஷன் கார்டு சரிபார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த மகள் வீட்டுக்கு வந்தார். 'நீங்க சும்மா இருங்கப்பா' என்பதைத் தவிர அங்கே அவர் காதில் வேறு பேச்சு விழவில்லை. சும்மா இருந்து இருந்து அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தார். இங்கே சமையலும் சாமான் வாங்குவதும் அவர் பொறுப்பு. பத்துப் பேர் அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். மனுஷனுக்கு அதுவே சொர்க்கம்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

குரு தோட்டத்துக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க அண்ணாச்சி."

"இது பியர் கம்பெனிக்காரங்க மளிகைக் கடையில தொங்க விட்டிருக்கிற சீட்டு. பத்து டாலருக்குக் காய்கறி வாங்கி, பில்லையும் இதையும் தபால்ல அனுப்பினா நாலு டாலருக்கு செக் வரும்."

"பியரும் வாங்கணுமா?"

"வேண்டாம். பியர் வாங்கினாத்தான் காசுன்னு சொல்ல இந்த மாநிலச் சட்டம் விடாதாம். அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு. பூதக்கண்ணாடி வெச்சு நாலு தடவை படிச்சேன்."

"காய்கறி வாங்கினீங்களா?"

"வாங்கினேன். பூசணி, கத்திரிக்காய், பீன்ஸ்."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "குடியில வந்த காசும்மா. அதுல அரிசி வாங்கிச் சாமிக்குப் படைக்கலாமா?"

குரு கூப்பனை வாங்கி முன்னும் பின்னும் படித்தார். ஈரக்கை பட்டு ஓரம் நனைந்தது.

"குடிச்சேன்னு எழுதச் சொல்றாங்களா?"

"இல்லை."

"வேற ஏதாவது பொய் சொல்லச் சொல்றாங்களா?"

"அதுவும் இல்லை."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணு மட்டும்னு போட்டிருக்கு."

"ஒண்ணுதாம்மா வெச்சிருக்கேன்."

"அவங்க கேட்டதை நீங்க செஞ்சிருக்கீங்க. சொன்னதை அவங்க தரப் போறாங்க. அனுப்புங்க. அந்த ஸ்பேனரை இப்படிக் கொடுங்க."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. பியர் காசு தீட்டில்லை என்று குருவே சொல்லிவிட்டார், இனி என்ன பயம்!

பயம் போனதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கடைக்குப் போனார். முன்பெல்லாம் பியர் அலமாரியைக் கடக்கும்போது துண்டால் மூக்கை மூடிக்கொண்டு போவார். இன்று நேராக அதன் முன்னால் போய் நின்றார். கூப்பன்கள் கட்டாகத் தொங்கின. ஒரு வீட்டுக்கு ஒன்று. சரி. ஆனால் ஆசிரமத்தில் இருக்கிற பதினோரு பேரும் பதினோரு ஊரிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கொருவர் மாமனா மச்சானா? ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. எண்தான் இல்லை.

எண் போட எவ்வளவு நேரம் ஆகும்?

பத்துக் கூப்பனைக் கிழித்தார்; இன்னும் அனுப்பாமல் வைத்திருந்ததோடு சேர்த்துப் பதினொன்று. காய்கறியைப் பத்துக் குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பில் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பத்துத் தடவை பில் போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் விட்ட பெருமூச்சு அவர் பிடரியில் பட்டது. அவர் திரும்பவே இல்லை. வருகிற வழியில் பித்தளை நிறத்தில் எண் ஸ்டிக்கர்கள் வாங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவிலும் ஒட்டிவிட்டார். கேட்டவர்களிடம், "அடையாளத்துக்கு" என்றார். பதினோரு பெயர், பதினோரு வீட்டு எண், பதினோரு உறை. தபாலில் போட்டாயிற்று.

ஐந்தாவது வாரம் பதினோரு செக்கும் ஒரே நாளில் வந்தன. அண்ணாச்சி அவற்றை ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கிக் குருவிடம் கொண்டுபோனார். பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால் அப்பன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

"நாப்பத்துநாலு டாலர்ம்மா. ஒரு மாசத்துப் பருப்பு."

குரு தன் பெயர் போட்ட உறையை எடுத்துப் பார்த்தார். "வீட்டு எண் ஏழு. இது நானா?"

"ஆமாம்மா. உங்க கதவுல ஒட்டியிருக்கேனே."

"அடையாளத்துக்குன்னு சொன்னீங்க."

"அதுக்கும்தான்." அண்ணாச்சி சிரித்தார். கொஞ்சம் அசட்டுச் சிரிப்புதான்.

குரு உறையைத் தட்டில் வைத்தார். "சமையல்கட்டு எந்த வீட்டுது?"

"அதுக்கு நம்பர் போடலையேம்மா."

"ஓ," என்றார் குரு.

மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் குரு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"நாம பதினோரு வீடுன்னு அண்ணாச்சி எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க வாக்கு பொய்யாகக் கூடாது. கொட்டகையில, போன வருஷம் தியான முகாமுக்கு வாங்கின மின்சார அடுப்புங்க கிடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. இன்னையிலிருந்து அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க சமையல்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. எழுந்துபோய் அடுப்பை எடுத்துக்கொண்டு ஏழாம் எண் கதவுக்குள் நுழைந்து சாத்திக்கொண்டார்.

அம்மாவுக்கு விளையாட்டு அதிகம், மத்தியானம் பசித்தால் எல்லாரும் தானாக வருவார்கள் என்று அண்ணாச்சி நினைத்தார். வழக்கம்போலப் பதினோரு பேருக்கு உலை வைத்தார். பூசணிக்காய்க் கூட்டு, மிளகு ரசம். பன்னிரண்டரைக்கு மணி அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார். நாலாம் எண் அறையிலிருந்து புகை வந்தது. கம்ப்யூட்டர் வேலையை விட்டு வந்த பொன்னுலிங்கம் உப்புமாவைக் கருக்கியிருந்தான்.

ஒன்பதாம் எண் கதவு திறந்தது. ஹெலன் வெளியே வந்தாள். அமெரிக்கப் பெண். தமிழைப் புத்தகத்தில் படித்தவள், பேச்சும் புத்தகம்தான்.

"ஐயா, தங்கள் இல்லத்தில் சிறிது உப்பு கிடைக்குமா?"

"என் இல்லமா? ஏம்மா, உள்ள வந்து சாப்பிடு!"

"அயலார் வீட்டில் அன்றாடம் உண்பது முறையன்று." உப்பை வாங்கிக்கொண்டாள். போகும்போது ரச அண்டாவை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தாள்.

அண்ணாச்சி ஒரு தூக்கில் ரசம் எடுத்துக்கொண்டு போய் ஏழாம் எண் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"கொழுந்தும்மா."

"எந்த வீடு?"

அண்ணாச்சி தன் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு," என்றார் மெதுவாக.

கதவு திறந்தது. தரையில் அடுப்பு. அதன்மேல் குழைந்துபோன கஞ்சி. அம்மாவுக்கு எல்லாம் வரும், சமையல் மட்டும் வராது.

"ரசம் கொண்டுவந்தேன்."

"பக்கத்து வீட்டுக்காரர் அன்பாக் கொண்டுவந்திருக்கீங்க. இன்னைக்கு வாங்கலாம், நாளைக்கும் வாங்கலாமா? நல்லா இருக்காது அண்ணாச்சி. எடுத்துட்டுப் போங்க."

அன்று அண்ணாச்சி தனியாகச் சாப்பிட்டார். பதினோரு பேருக்கு வைத்த சோறு அண்டாவில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோது அவருக்கு மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த சோபா ஞாபகம் வந்தது. வாய்விட்டு அழுதால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அழவில்லை, பாத்திரம் கழுவினார்.

இரண்டாம் நாள் அவர் உலை வைக்கவில்லை. யாருக்கு வைப்பது? பத்து மணி வாக்கில் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார். கதவுகள் ஒருக்களித்திருந்தன. முதல் அறையில் ஒரு அடுப்பு. அடுத்ததில் ஒரு அடுப்பு. அடுத்ததிலும் ஒன்று. கால் நின்றுவிட்டது.

முப்பது வருஷம் அவர் பார்த்த வேலை இதுதான். ஒரே வீட்டுக்கு இரண்டு ரேஷன் கார்டு கேட்டு விண்ணப்பம் வரும். அண்ணன் தனி, தம்பி தனி என்பார்கள். அண்ணாச்சி சைக்கிளில் போய் இறங்குவார். வாசலில் இருக்கிற எண்ணைப் பார்க்க மாட்டார். நேரே உள்ளே போய் அடுப்பை எண்ணுவார். இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு கார்டு. அவர் வருகிறார் என்று தெரிந்து மூன்று செங்கல்லை வைத்துப் புது அடுப்பு மூட்டியவர்களும் உண்டு. அந்தச் செங்கல்லைக் கையால் தொட்டுப் பார்த்து, "கரியே படலையே, இது நேத்து வெச்சதுதானே?" என்பார். அவர்கள் முகம் தொங்கிப்போகும். அதைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். ஊரே சேர்ந்து சிரித்திருக்கிறது.

"அட பாவி," என்றார் அண்ணாச்சி. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

வெந்நீரும் தோசைத்திருப்பியும் எடுத்து வந்தார். கதவு கதவாக உட்கார்ந்து ஸ்டிக்கரைச் சுரண்டினார். லேசில் வரவில்லை. அமெரிக்கப் பசை. சில இடத்தில் பெயின்டும் சேர்ந்து வந்தது. பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்து, "நான் பிடிக்கட்டுமா அண்ணாச்சி?" என்றான்.

"வேண்டாம். ஒட்டினவன் நான்."

பிறகு மேஜையில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் ஒரே வீடு, ஒரே அடுப்பு, பத்து செக் தவறாக வாங்கிவிட்டேன், தவறு முழுக்க என்னுடையது. இங்கிலீஷ் சரியா என்று ஹெலனிடம் காட்டினார். அவள் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பத்து செக்கையும் உள்ளே வைத்து ஒட்டி, தபால்காரப் பெண் வந்ததும் அவள் கையிலேயே கொடுத்தார். வண்டி சாலைத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தார். உடம்பு லேசாக இருந்தது. நல்ல பசியும் எடுத்தது.

உள்ளே போய் உலை வைத்தார். பதினோரு பேருக்கு.

மணி அடிக்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. அடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ரசம் நுரை கட்டி வருகிற நேரத்தில், கையில் தட்டோடு குரு வந்து நின்றார். பின்னால் பொன்னுலிங்கம், ஹெலன், மற்றவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள்.

"அம்மா, பத்து செக்கையும் திருப்பி அனுப்பிட்டேன். ஒண்ணு மட்டும் நம்மளது."

"சரி அண்ணாச்சி."

அகப்பையை எடுத்தார். ஆனாலும் மனசில் ஒரு ஓரத்தில் ஒன்று உறுத்தியது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, அவ்வளவு பெரிய கம்பெனி. நாப்பது டாலர் குறைஞ்சது அவங்களுக்குத் தெரிஞ்சா இருக்கும்?"

குரு தட்டை நீட்டினார்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு ரெண்டு நாளா ரசம் இல்லை. போடுங்க."