ஐந்து நட்சத்திரம் போட்டவர்

“அம்மா, நான் போட்ட மதிப்பீட்டை என்னாலேயே நம்ப முடியவில்லை” என்றார் சங்கரலிங்கம்.

முதலீட்டாளர் பத்திரிகை ஒன்றில் எழுதுபவர் அவர். மற்றவர்களின் பணத்தை வாங்கி, அவர்களுக்காகப் பங்குச் சந்தையில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களை எடைபோட்டு நட்சத்திரம் கொடுப்பது வேலை. மங்கையர்க்கரசி அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

“என்ன நடந்தது?”

“அதிக லாபம் காட்டிய நிறுவனத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். என் தங்கை ஆவுடை அதைப் படித்துவிட்டு, புருஷன் விட்டுப்போன பணத்தை அதில் போடட்டுமா என்று கேட்டாள். ‘கொஞ்சம் பொறு’ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை.”

“நீங்கள் நட்சத்திரம் போட்டவர்களைப் போய்ப் பாருங்கள். லாபத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.”

“வேறு எதைக் கேட்பது?”

அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சங்கரலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டே கிளம்பினார்.

ஐந்து நட்சத்திர நிறுவனத்தில் முந்திரி பக்கோடா வைத்து உபசரித்தார்கள்.

“நஷ்டம் வந்தா என்ன செய்வீங்க?”

“நம்மகிட்ட அந்தப் பேச்சே கிடையாது சார்” என்று மேலாளர் சிரித்தார். எதைக் கேட்டாலும் பேச்சு சுற்றிச் சுற்றி லாபத்திலேயே வந்து நின்றது.

அடுத்து, சங்கரலிங்கத்திடம் இரண்டே நட்சத்திரம் வாங்கிய நிறுவனம். நடத்துபவர் காஜா மைதீன். அவரிடமும் அதே கேள்வி.

“போன வருஷம் வந்துச்சு சார். விக்க வேண்டிய நேரத்துல விக்காம விட்டுட்டேன். என் தப்புதான். அன்னைக்கே எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். விலகுறேன்னு சொன்னவங்களுக்கு மிச்சப் பணத்தை உடனே கொடுத்துட்டேன்.”

சங்கரலிங்கம் குருவிடம் திரும்பி வந்தார்.

“குழப்பம் கூடிவிட்டது அம்மா. லாபம் சம்பாதித்தவரிடம் பேசினால் பயமாக இருக்கிறது. நஷ்டப்பட்டவரிடம் பேசினால் நிம்மதியாக இருக்கிறது. இதற்கெல்லாம் எப்படி நட்சத்திரம் போடுவது?”

“தங்கை காத்திருப்பாரே. முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.”

அங்கேயே போன் போட்டார்.

“என்னண்ணே, அதுல போடட்டுமா?”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. “வேண்டாம்மா. அதுல போடாத.”

ஆவுடை விடவில்லை.

“அப்புறம் ஊருக்கெல்லாம் ஏன்ணே அஞ்சு நட்சத்திரம்னு எழுதுன?”

சங்கரலிங்கம் நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.