முப்பது அடிப் பாட்டு

பாளையங்கோட்டை மைதானத்தில் காலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தா. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது ஆவுடையப்பன் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். மாடிப்படி ஏறவே முனகிக்கொண்டிருந்த மனுஷனை நாலு மாதத்தில் ஓடவைத்துவிட்டாளே, அந்த மரியாதை.

அன்று அவர் முகம் வாடியிருந்தது.

“மாஸ்டர், வீட்ல அவ நாளையிலேருந்து வரமாட்டேங்கா. அவளுக்கு சுகர் முந்நூறுக்கு மேல நிக்கி. நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ஏன் வரமாட்டாங்களாம்?”

“போரடிக்குதாம். எனக்குன்னா காதுல பாட்டு ஓடும், நேரம் போறதே தெரியாது. அவளுக்கும் ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுத்திரலாமா?”

மனைவி சங்கரவடிவு என்றால் அவருக்கு உயிர். முப்பது வருஷத்தில் அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

ஜெசிந்தா அவர் காதுகளில் இருந்த வயரில்லாத ஹெட்போன் இரண்டில் ஒன்றைக் கழற்றித் துடைத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்கரவடிவின் காதில் வைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்த அவருடைய செல்போனை வாங்கி அவள் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் நாலு ரவுண்டு போய்ட்டு வாங்க.”

ஆவுடையப்பன் வழக்கம்போல விறுவிறுவென்று நடந்தார். முப்பது அடி தாண்டியதும் பாட்டு நின்றது. காதைத் தட்டிப் பார்த்தார். திரும்பினால், சங்கரவடிவு சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி மெல்ல வந்துகொண்டிருந்தாள். அவள் கிட்டே வந்ததும் பாட்டும் வந்தது. மறுபடி முன்னே போனார். மறுபடி நின்றது.

மூன்றாவது ரவுண்டில் வேறு வழியில்லாமல் அவள் பக்கத்திலேயே நடந்தார்.

“இந்தப் பாட்டுக்கா என்னை விட்டுட்டு ஓடுதிய?” என்றாள் சங்கரவடிவு.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாலு ரவுண்டு என்று சொன்னது ஆறு ரவுண்டு ஆனது.

சங்கரவடிவு தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து அவர் ஜெசிந்தாவிடம் வந்தார்.

“மாஸ்டர், இந்த ஹெட்போன் சரியில்ல. கொஞ்சம் முன்னால போனாலே நின்னுருது. ரொம்ப தூரத்துக்குக் கேக்குற மாதிரி நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன், வாங்கிருவோம்.”

“இதுவே நல்லதுதான் அண்ணாச்சி. அக்கா பின்தங்கிட்டாங்கன்னு இது ஒண்ணுதானே உங்ககிட்ட சொல்லுது.”