மூக்கருகே ஒரு விரல்

கன்னியர் மடத்து வாசகசாலைக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கிய மத்தியானம், லிதுவினா தோளில் தூங்கும் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

உள்ளே சிஸ்டர் கொன்சாகா தரையில் உட்கார்ந்து சணல் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல்லால் கடித்தும் பார்த்துவிட்டார்.

"வா பிள்ள. கத்தரிக்கோலைக் காணோம். பிரிச்சாத்தானே எது இறையியல், எது மறைப்பணி, எது அன்றாட வாழ்வுன்னு தெரியும்."

அந்த அறையில் மூன்றே அலமாரிகள். எந்தப் புத்தகம் வந்தாலும் சிஸ்டர் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அதை அடக்கிவிடுவார். மடத்துப் பள்ளியில் லிதுவினாவுக்குப் பாடம் சொன்னவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் சனிக்கிழமைகளில் அவள் வந்து அவரிடம் இறையியல் படித்தாள். படித்ததை மறுநாள் தன் தெரு அன்பியத்தில், அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும்போது, எடுத்துச் சொல்வாள். அவள் சொன்னால் கிழவர்கள்கூடக் கொட்டாவி விடாமல் கேட்பார்கள்.

"புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் சிஸ்டர்."

"படிச்சாச்சா?"

"படிச்சுட்டேன். ஆனா நாளைக்கு நான் பேசல. இனிமே வகுப்புக்கும் வரல."

சிஸ்டர் கயிற்றை விட்டார்.

"ஏனாம்?"

"கடவுளை நம்புறவங்க பயப்பட மாட்டாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கு. அதை நான் எந்த வாயால சொல்லுவேன்?"

போன மாதம் காய்ச்சலில் குழந்தை பெனிட்டாவுக்கு இழுப்பு வந்தது. கண் செருகி, உடம்பு விறைத்து, லிதுவினாவின் மடியிலேயே. சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மறுநாளே குழந்தை சிரித்தது. தாய்தான் இன்னும் சிரிக்கவில்லை. அன்று தூக்கிய பிள்ளையை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மாமியார் கேட்டார், கொடுக்கவில்லை. பெற்ற தகப்பன் கேட்டான், அவனுக்கும் இல்லை.

"குழந்தை தலையணைக்கு அடியில பைபிள் வச்சிருக்கியா?" என்றார் சிஸ்டர்.

லிதுவினாவுக்கு முகம் சுருங்கியது. இறையியல் படித்தவள் செய்கிற காரியமா இது?

"வச்சிருக்கேன்."

"எது?"

"கல்யாணத்துக்குக் கொடுத்தாங்களே, அது."

"அடிப்பாவி! அந்தத் தடிப் புத்தகத்தையா? பிள்ளைக்குக் கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"அப்புறம் நானே எடுத்துட்டேன் சிஸ்டர். இப்ப புதிய ஏற்பாடு மட்டுந்தான். சின்னது."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். லிதுவினாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். கண்தான் முந்திக்கொண்டு நிறைந்தது.

"சிஸ்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பயந்து சாகுறவளுக்கு விசுவாசம் உண்டா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னே சொல்லிடுங்க."

சிஸ்டர் எழுந்து போய் நீள மேசையில் கிடந்ததையெல்லாம் ஓரமாகத் தள்ளினார். தன் சால்வையை மடித்து நடுவில் விரித்தார்.

"கை மரத்துப் போயிருக்கும். இங்க கிடத்து."

"உருண்டுடுவா சிஸ்டர்."

"உருளுவாளா? இரு."

சிஸ்டர் அலமாரியிலிருந்து புத்தகங்களை அள்ளி வந்தார். சால்வையைச் சுற்றி வரப்பு கட்டுவதுபோல் அடுக்கினார்.

"தலைமாட்டுக்கு இறையியல். இந்தா, இது நல்ல கனம், முட்டினாலும் அசையாது. கால்மாட்டுக்கு மறைப்பணி. அன்றாட வாழ்வுதான் ஒல்லி ஒல்லியா இருக்கு, ரெண்டு வரிசையா வைப்போம்."

வேலி எழும்பியது. வேறு சாக்கு இல்லை. லிதுவினா குழந்தையை மெல்ல இறக்கினாள். குழந்தை உதட்டைச் சப்பிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

தாய் நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றாள். அவளுடைய ஆள்காட்டி விரல் தானாகப் போய்க் குழந்தையின் மூக்கருகே நின்றது.

சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரியெல்லாம் இப்படித்தானா?"

"ஆமா சிஸ்டர். தூங்கினாலும் திடுக்குன்னு முழிச்சு விரலை வைப்பேன்."

"வைக்கும்போது என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். செபம்கூட வராது. ஆரம்பிச்சா பாதியில மறந்துடுது."

"ஒண்ணுமே சொல்ல மாட்டியா?"

லிதுவினா யோசித்தாள்.

"'இருக்கியா'ன்னு கேப்பேன். அவ்வளவுதான். 'இருக்கியா, தங்கம், இருக்கியா'ன்னு."

சிஸ்டர் நாற்காலியை இழுத்து மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பிரிக்காத கட்டு தரையிலேயே கிடந்தது.

"விடியுமுன்ன நான் தனியா சேப்பல்ல போய் உட்காருறேன்ல?"

"தெரியும் சிஸ்டர். ஹாஸ்டல்ல இருந்தப்ப பாத்திருக்கேன். சிஸ்டர் மாதிரி செபம் பண்ண வரணும்னு நாங்க எல்லாரும் பேசிக்குவோம்."

"நானும் அதைத்தான் கேக்குறேன். கொஞ்சம் மரியாதையா, 'இருக்கீரா'ன்னு."

லிதுவினா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டாகச் சொல்லும் முகமாக அது இல்லை.

"பதில் வருமா சிஸ்டர்?"

"சில நாள் வந்த மாதிரி இருக்கும். பல நாள் மணி அடிச்சுடும், எழுந்து வந்துடுவேன்." சிஸ்டர் குழந்தைக்கு மேல் நின்ற அந்த விரலைக் காட்டினார். "உனக்காவது விரல்ல சூடு படுது."

வெளியே தையல் வகுப்புப் பெண்கள் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டு அடங்கியது.

சிஸ்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

"நகரு பிள்ள. நானும் ஒரு தரம் கேட்டுப் பாக்கட்டுமா?"

லிதுவினா விரலை எடுத்தாள்.