துரைசிங்கம் மாட்டிய புராசசர்

பாளையங்கோட்டையில் ஹசீனாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பின்னாலேயே துரைசிங்கம் வந்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லித்தருகிற மனுசனுக்கு வாயில் மட்டும் பிரேக் கிடையாது.

இடுப்பில் ஒரு பெரிய சிபியூவை வைத்திருந்தார். கேம் விளையாடுவதற்கென்றே பதினோரு வருசத்துக்கு முன்னால் ஹசீனாவிடமே வாங்கியது. அதற்குச் சொந்தக்காரர் அவர் மனைவி லில்லி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தால் அதில்தான் கார் ரேஸ் ஓட்டுவார். படம் திக்கித் திக்கி நிற்கிறது என்று புலம்பிவிட்டு ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வாரத்தில் இவர் யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்து புது புராசசர் மாட்டிவிட்டாராம். இப்போது வேகம் தாங்க முடியவில்லையாம்.

ஹசீனா ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அவ்வளவு வேகமா என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

சுவிட்ச் பக்கம் விரலைக் கொண்டுபோனாலே பெட்டி ஆன் ஆகிவிடுகிறதாம். ரேஸில் மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணி முடிப்பதற்குள் இவர் ஜெயித்து, கப்பும் வாங்கி, மாலையும் வாடிப்போகிறதாம். "நம்பமாட்டிய. ரெண்டே ரேஸ்தான் ஓட்டினேன். வாசல்ல நின்ன என் பைக்குல பெட்ரோல் காலி."

எனக்குக் கொட்டாவி வந்தது. அவர் விடவில்லை. உள்ளே சுற்றுகிற ஃபேன் காத்தில் பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் காய்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மேசையே எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ள, ஏணி போட்டு ஏறி உட்கார்ந்துதான் விளையாடினாராம்.

"எந்த ஃபேன், இதுவா?" ஹசீனா தூக்கிக் காட்டினாள். "ஒரு இறக்கையக் காணோம்."

"அது தூத்துக்குடி ஹார்பர்ல கெடந்துதாம். கப்பல்காரன் எடுத்து வச்சிருக்கான்."

அவள் புராசசரை மெல்லக் கிளப்பி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். சூடு தணிய மேலே தடவ வேண்டிய பேஸ்ட் அடியில் அப்பியிருந்தது. அது உட்காருகிற குழியைப் பார்த்தாள். தலைமுடி கனத்தில் இருக்கும் ஊசிகளில் பாதி நசுங்கிப் படுத்திருந்தன.

"திருப்பி வச்சு அமுக்கியிருக்கீங்க, அண்ணாச்சி."

"வேகத்தப் பாத்து அதுகளாக் கும்புட்டு விழுந்திருக்கும்."

"இதுக்குள்ள கரண்டே ஏறல. மாட்டின பெறவு இது ஒரு நிமிசம்கூட ஓடல. போர்டு போச்சு."

அவர் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லில்லி வருவதற்குள் சரிபண்ணி அசத்திவிடலாம் என்றுதான் நினைத்ததாக, யாரும் கேட்காமலே, தணிந்த குரலில் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதில் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

அப்போது அவர் போன் அடித்தது. லில்லி. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். மேசை காலியாக இருக்கிறது, பெட்டி எங்கே என்று கேட்டார். குரல் எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

துரைசிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். பாவம் பார்க்கலாமா என்று நான் யோசித்த அந்த நொடியில் அவர் வாய் திறந்துவிட்டது.

"லில்லி, பதறாத. நான் மாட்டின புராசசர் வேகத்துல பெட்டி இன்னைக்கத் தாண்டி நாளைக்குப் போயிட்டு. நாம மெதுவா நாளைக்குப் போய்ச் சேந்தோம்னா, அங்க நமக்காக ஆன்ல இருக்கும்."



"ஒடச்சிட்டிய" என்றார் லில்லி. "போனை ஹசீனாட்ட குடுங்க."