தேக்குப் பெட்டி விழுங்கிய வீடு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், பானைகூடக் கேட்டதற்குப் பதில் சொன்ன நாளிலே, வேழபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே யானைக்காரர் தெருவில் பூங்கோதை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் ராஜாவின் யானைகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். மூத்தவள் தேமொழிக்குப் பத்து வயது. சின்னவன் நம்பிக்கு இரண்டரை.

வீடு எப்படி இருக்கும் என்கிறீர்கள்? கூடத்தில் பம்பரம், அடுப்படியில் சொப்பு, வாசற்படியில் மண் யானை. கால் வைக்க இடம் கிடையாது. அன்றைக்குக் காலையிலேயே பூங்கோதை மூன்று தடவை இடறிவிட்டாள். மூன்றாம் தடவை கஞ்சிச் சட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது.

"கடவுளே, இதையெல்லாம் எடுத்து வைக்க ஒரு ஆள் வரக்கூடாதா!" என்று கத்தினாள்.

"வந்துட்டேன் அம்மணி" என்றது ஒரு குரல்.

வாசலில் ஒரு நெட்டை ஆள். மடிப்புக் கலையாத அங்கி, ஒரு முடிகூட விலகாத தாடி. தலையில் ஒரு தேக்குப் பெட்டி. அவன்தான் ஒழுங்கன் என்கிற மந்திரவாதி.

"இந்தப் பெட்டியை வச்சுக்கோ. நான் சொல்றதைச் சொன்னா போதும்:
தேக்குப் பெட்டி, தேக்குப் பெட்டி,
தரையில் கிடப்பதைத் தின்னு எட்டி!"

"விலை?"

"ஒண்ணும் வேண்டாம். மூணாம் நாள் பொழுது சாயறப்போ வருவேன். பெட்டிக்குள்ளே போனதிலே நீ தேடாதது எனக்கு. அவ்வளவுதான்."

தேடாத பொருள் போனால் என்ன நஷ்டம் என்று பூங்கோதை சரி என்றுவிட்டாள்.

பாட்டைச் சொன்னாள். பெட்டி வாயைத் திறந்தது. பம்பரம் போச்சு, சொப்பு போச்சு, யானை போச்சு. அடடா, தரை பளிச்சென்று ஆகிவிட்டது! ஆனால் நம்பி நடுக்கூடத்தில் நின்று அழுதான்.

"என்னடா வேணும்?"

"அது... அது..."

"எது?"

அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளே எது போனாலும் அது நினைப்பிலிருந்தும் போய்விடும். இதை ஒழுங்கன் சொல்லவே இல்லை.

இரண்டாம் நாள் தேமொழி பல்லாங்குழி ஆடிவிட்டுச் சோழிகளை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். பூங்கோதையின் கரண்டி ஒன்றும் கீழே விழுந்து கிடந்தது. பூங்கோதை அடுப்படியிலிருந்தபடியே பாட்டைச் சொன்னாள். கூடத்துத் தரையில், அழுது களைத்து, நம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

பெட்டி வாயைத் திறந்தது. சோழி போச்சு, கரண்டி போச்சு, நம்பியும் போனான்.

மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஒன்றும் சரியாக இல்லை. பூங்கோதை மூன்று தட்டில் சோறு வைத்தாள்.

"மூணாவது யாருக்கும்மா?"

"தெரியலையேடி!"

கொடியில் ஒரு குட்டிச் சட்டை காய்ந்தது. அது தேமொழியின் தோள்வரைகூட ஏறாது. உத்தரத்திலிருந்து ஒரு தூளி தொங்கியது. அதில் யாருமில்லை. பூங்கோதை வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் ஏன் என்று புரியவில்லை.

தேமொழி யோசித்தாள். "அம்மா, நமக்கு எதையோ காணோம். பெட்டி வந்ததிலேர்ந்துதான் இப்படி. எதைன்னு தெரியலைன்னா, அது அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கணும். வா, தேடலாம்!"

இருவரும் பெட்டி மூடியை இழுத்தார்கள். பெட்டி உறுமியது.

"யாருது சொல்லு, எங்கே வைப்பே சொல்லு! சரியாச் சொன்னா தருவேன்!"

முதலில் சோழிகளை நீட்டியது. காலியான பல்லாங்குழிப் பலகையைப் பார்த்தாள் தேமொழி. "என்னுது! பலகைக் குழியிலே வைப்பேன்!" சோழிகள் கைக்கு வந்தன.

அடுத்து கரண்டி. அடுப்புக்கு மேலே ஓர் ஆணி வெறுமனே இருந்தது. "என்னுது! ஆணியிலே மாட்டுவேன்!" என்றாள் பூங்கோதை. கரண்டியும் வந்தது.

மூன்றாவது, மண் யானை. அதன் தும்பிக்கையில் சின்னச் சின்னப் பல்தடம்.

"என்னுது" என்றாள் தேமொழி.

"பொய்!"

"எங்க அப்பாவுது!"

"பொய்!" பெட்டி யானையை உள்ளே இழுத்துக்கொண்டது.

தேமொழி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இந்த வீட்டிலே இன்னொரு ஆள் இருக்கு!"

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் ஒழுங்கன் நின்றான். பெட்டி அடுத்து ஒரு மரப்பொம்மையை நீட்டியது. இரண்டரை வயசுப் பிள்ளை உயரம். கை விறைப்பு, கால் விறைப்பு, கண் மூடியிருந்தது.

"அது எனக்கு" என்றான் ஒழுங்கன், பூங்கோதையைப் பார்த்து. "அதை நீ தேடவே இல்லையே. பேர் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு அதைத் தூக்கி வச்சிருக்கே?"

பூங்கோதை குனிந்து பார்த்தாள். பொம்மை அவள் இடுப்பில் இருந்தது. எப்போது வாங்கினாள், எப்போது இடுப்பில் வைத்தாள், அவளுக்கே தெரியாது. கைதான் வைத்திருந்தது.

"யாருது சொல்லு!" என்று பெட்டி உறுமியது.

"என்னுது."

"எங்கே வைப்பே சொல்லு!"

"இதோ, வச்சுட்டேனே!"

மரம் இளகியது. விறைத்த கால்கள் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. கண் திறந்தது. "ம்மா" என்றது.

"நம்பி!" என்று அம்மாவும் அக்காவும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

நம்பி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஆனை! என்னுது!"

"எங்கே வைப்பே?" பெட்டியின் குரல் இப்போது சன்னமாகிவிட்டது.

நம்பி தரையைக் காட்டினான். "இங்கே! எல்லாம் இங்கே!"

அவ்வளவுதான். யானை, பம்பரம், சொப்பு எல்லாம் கொட்டின. பெட்டி இரண்டாகப் பிளந்தது. வீட்டுக்குள்ளே காலெடுத்து வைத்த ஒழுங்கனுக்கு மிதிக்க இடமில்லை. ஒரு பக்கம் பம்பரம் குத்தியது, ஒரு பக்கம் சொப்பு குத்தியது. "ஐயையோ, ஒழுங்கே இல்லையே!" என்று தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினவன், வேழபுரி எல்லையைத் தாண்டித்தான் நின்றானாம். அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பூங்கோதை ஒரு கூடையோடு தரையில் உட்கார்ந்தாள். நம்பியை மடியில் வைத்துக்கொண்டு மண் யானையை எடுத்தாள். "இதை எங்கேடா வைக்கலாம்?"

நம்பி யோசித்தான். மாடம் வேண்டாம், யானை விழுந்துவிடும். கூடை வேண்டாம், யானைக்கு இருட்டு பயம். ஜன்னலோரம் வைத்தால் மலைக்குப் போன மற்ற யானைகள் தெரியும். ஆனால் எந்த ஜன்னல்?

அந்த ஒரு யானைக்கு இடம் பார்க்கவே மத்தியானம் ஆகிவிட்டது.