தொலைந்ததற்கு ஒரு சான்று

"கிடைச்சிட்டுன்னு வெளிய மூச்சு விட்டுராதிய. ஸ்டேஷனுக்குத் தெரிஞ்சா மூணு பேரையும் தூக்கி உள்ள வச்சிருவான்."

மினி பஸ்ஸின் முன்சீட்டில் ஒருவர், பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் இப்படிக் கிசுகிசுத்தார். அதைக் காதில் வாங்கியவர்கள் நகையோ கோயில் சிலையோ என்று நினைத்திருப்பார்கள். அது ஒரு பிளஸ் டூ மார்க் ஷீட். அதுவும் அவர்கள் வீட்டுப் பிள்ளையினுடையது.

நத்தைக்குளத்துச் சுடலைமுத்துவின் மகள் பிரவீணாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் மார்க் ஷீட்டைக் கொண்டுவர வேண்டும். தொலைந்திருந்தால், தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றையாவது கொண்டுவர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும். மார்க் ஷீட்டை லேமினேஷன் போட வாங்கிப்போன தாய்மாமன் பேச்சிமுத்துவோ, வெறும் பையோடு வீடு திரும்பியிருந்தான்.

"நானே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு வாரேன்ப்பா" என்றாள் பிரவீணா.

"பொம்பளப் பிள்ளை ஸ்டேஷன் படி ஏறுததா? ஆம்பளைங்க நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் சுடலைமுத்து. எதற்கு இருக்கிறார்கள் என்பது நத்தைக்குளத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சுடலைமுத்துவும் பேச்சிமுத்துவும் துணைக்கு ஐயம்பெருமாள் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில் சாட்சி சொன்னவர். சைக்கிளையும் அவர் பார்த்ததில்லை, திருடனையும் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஊரில் சட்டம் என்றால் அவர்தான்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா பொறுமைசாலி. "எங்க தொலைஞ்சுது, எப்படித் தொலைஞ்சுதுன்னு தெளிவா எழுதிக் கொண்டாங்க. எங்க எல்லைக்குள்ள தொலைஞ்சிருந்தாத்தான் நாங்க மனு வாங்க முடியும்" என்றார்.

மூவரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"எங்க தொலைச்சே மாப்ளே?"

"அது தெரிஞ்சா நானே போய் எடுத்துட்டு வந்திருக்க மாட்டேனா அத்தான்? எடம் தெரியாததாலதான அது தொலைஞ்சிருக்கு."

"நியாயந்தான். ஆனா ஏட்டையா எடத்தைக் கேக்காரே."

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "போலீஸ்காரன் குற்றவாளியைக் கூட்டிட்டுப் போய் நடந்ததைத் திரும்ப நடிச்சுக் காட்டச் சொல்லுவாம்லா? நாமளும் திரும்ப ஒருக்கா தொலைச்சுப் பாத்திருவோம்டே. விழுத எடம் தானா தெரிஞ்சிரும்."

பிரவீணாவின் பதினோராம் வகுப்பு மார்க் ஷீட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்தார்கள். அதே பையில் வைத்து, அதே மொபெட்டில், அதே ரோட்டில் பேச்சிமுத்து போனான். ஒருவேளை விழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பையின் வாயை நன்றாகத் திறந்து வைத்திருந்தான். சுடலைமுத்துவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி கண் இமைக்காமல் சைக்கிளில் பின்தொடர்ந்தார். வாய்க்கால் பாலம் வந்ததும் காற்று வீசியது, காகிதம் பறந்து விழுந்தது. மூவரும் கைதட்டி, விழுந்த இடத்தில் பெரிய கல்லாகப் பார்த்து ஒன்றை நட்டார்கள்.

காகிதத்தை எடுக்கக் குனிந்தார் சுடலைமுத்து.

"தொடாதடே! தடயம்!" என்று அலறினார் அண்ணாச்சி.

அந்தச் சட்டம் தெரியாத வெள்ளாடு ஒன்று வந்து தடயத்தை முழுதாகத் தின்றுவிட்டுப் போனது.

மனுவில் வாய்க்கால் பாலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏட்டையா ரசீது போட்டுக் கொடுத்து, "நாங்களும் பாக்கோம். நீங்களும் நல்லாத் தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா சான்று தாரோம்" என்றார். அவர்களும் நல்லாத்தான் தேடினார்கள், அந்தக் கல்லைச் சுற்றி. கல்லைப் புரட்டி அடியிலும் பார்த்தார்கள்.

"மாமா, லேமினேஷன் கடையில கேட்டியளா?" என்றாள் பிரவீணா.

"மனுவுல வாய்க்கால் பாலம்னுதான எழுதியிருக்கு தாயி? கடையில போய்த் தேடுனா மனுவுக்கு விரோதமாயிரும்" என்றார் அண்ணாச்சி.

வியாழக்கிழமை சான்று கிடைத்தது. 'தேடியும் கிடைக்கவில்லை' என்று கையெழுத்தும் முத்திரையுமாக. அதைத் தலைக்குமேல் பிடித்தபடி மூவரும் கடைவீதி வழியாக வந்தபோது லேமினேஷன் கடைக்காரர் கூப்பிட்டார்.

"குடுத்துட்டுப் போனவரு எட்டிக்கூடப் பாக்கலையே! இந்தாரும், அன்னைக்கே போட்டு வச்சிட்டேன்."

பளபளவென்று மார்க் ஷீட். பேச்சிமுத்துவுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. மூவருக்கும் வேர்த்துக் கொட்டியது. மினி பஸ்ஸில் அண்ணாச்சி கிசுகிசுத்தது அதன்பிறகுதான்.

வீட்டில் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் பிரவீணா சந்தோஷமாகக் கையை நீட்டினாள். யாரும் கொடுக்கவில்லை.

"கிடைக்கலைன்னு முத்திரை விழுந்துட்டு தாயி. இனிமே இது கிடைச்சா அரசாங்கத்தையே பொய்யாக்குன மாதிரி" என்றார் அண்ணாச்சி.

"காலேஜுல இதைத்தானே பெரியப்பா கேக்காங்க?"

"சான்றுதான் இருக்கே! அப்புறம் மார்க் ஷீட் எதுக்கு?"

"பேசாம அந்தக் கல்லுகிட்டயே கொண்டு போட்டுட்டு வந்திருதேன் அத்தான்" என்று எழுந்தான் பேச்சிமுத்து. சுடலைமுத்து மகளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினார்.

பிரவீணா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தொலைக்கத் தெரியலை மாமா. நீங்க தொலைச்சா திரும்ப வந்திருது. எங்கிட்ட குடுங்க, நான் தொலைச்சுட்டு வாரேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்று அண்ணாச்சி மார்க் ஷீட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் போனாள். மதியம் போன் வந்தது. "அப்பா, மார்க் ஷீட்டைக் குடுத்துட்டேன். சேத்துக்கிட்டாங்க!"

அம்மா சந்தோஷத்தில் அழுதாள். ஆண்கள் மூவரும் பயத்தில் அழுதார்கள். அப்புறம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஆளுக்கொரு துண்டும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"காணாமப் போனது காலேஜுல இருக்கு ஏட்டையா. எங்களைப் பிடிச்சுக்கிடுங்க."

"கிடைச்சா நல்லதுதானய்யா? சான்றைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"அப்போ கேஸு?"

"கேஸும் இல்லை, கைதும் இல்லை. போங்கய்யா."

அண்ணாச்சி நகரவில்லை. "வாய்ச்சொல்லை ஊருல நம்ப மாட்டாங்க ஏட்டையா. நாளைக்கு யாராவது கேட்டா நாங்க எதைக் காட்டுவோம்? அதனால எங்க மூணு பேரையும் லாக்கப்புல நல்லாத் தேடிப் பாத்து, தேடியும் கிடைக்கலைன்னு முத்திரை வச்சு ஒரு சான்று குடுத்துருங்க."

"லாக்கப்பு உங்க எல்லைக்குள்ளதான இருக்கு?" என்று பணிவாகக் கேட்டார் சுடலைமுத்து.

ஏட்டையா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து, காலியாகக் கிடந்த லாக்கப்புக்குள் போய், கம்பிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.