நாலு பங்கான மருந்துப் பெயர்

ஊமத்தம்பட்டி ஒச்சானின் எருமைக்குக் காய்ச்சல். பிழைப்புக்கு அதை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை. மூன்று நாளாக அது வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றதும் அவனும் சோற்றைத் தொடவில்லை.

மாட்டு டாக்டர் போனில் சொன்னார்: "டவுன் கடையில டெட்ராமெத்தோசல்ஃபாசைக்ளின்னு கேட்டு வாங்கி வைங்க. சாயங்காலம் வந்து ஊசி போடுறேன். பேரு நீளம். துண்டு துண்டாப் பிரிச்சு, நடுவுல இடைவெளி விட்டுச் சொல்லுங்க. வாயில வந்துரும்."

பிரிப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அண்ணன் தம்பி நான்கு பேர். எது வந்தாலும் நான்கு பங்கு. ஒருவன் பங்கை இன்னொருவன் தொடமாட்டான். மூத்தவன் பெத்தணன் 'டெட்ரா'வை எடுத்துக்கொண்டான். கொண்டையனுக்கு 'மெத்தோ', சடையனுக்கு 'சல்ஃபா'. மிச்சமிருந்த 'சைக்ளின்' கடைக்குட்டி ஒச்சான் தலையில் விழுந்தது.

"எனக்கு மட்டும் ஏண்ணே வாயில நுழையாத துண்டு?"

"எருமை யாருது?" என்றான் பெத்தணன்.

நியாயம்தான் என்று ஒச்சானுக்கும் பட்டது.

"இடைவெளி எம்புட்டு விடணும்?" என்று சடையன் கேட்டான். வெகுநேரம் யோசித்தார்கள்.

"ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் உள்ளது போதும்" என்றான் கொண்டையன்.

பத்து மணிக்குப் பெத்தணன் மருந்துக் கடையில் போய் "டெட்ரா" என்றான்.

"அப்புறம்?" என்றார் கடைக்காரர்.

"அப்புறம் பதினோரு மணிக்கு" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

பதினொன்றுக்குக் கொண்டையன் வந்து தன் துண்டைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பன்னிரண்டுக்குச் சடையன் வந்து 'சல்ஃபா' என்றதுமே கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. "சைக்ளின்தானே?" என்று மருந்தை எடுத்து நீட்டினார். மூவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது எங்க தம்பி பங்கு. நீங்க எப்படிச் சொல்லலாம்?"

ஒச்சானோ பஸ்ஸில் 'சைக்ளின், சைக்ளின்' என்று முனகிக்கொண்டே வந்தான். மறந்தால் எருமை போச்சே என்ற பயம். கண்டக்டரிடம் இறங்கும் ஊருக்குப் பதில் அதையே சொல்லித் திட்டும் வாங்கினான். ஒரு மணிக்குக் கடைப்படியேறித் துளியும் பிசகாமல் சொல்லி முடித்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் ஊசியோடு தொழுவத்தில் நின்றார். பெத்தணன் அட்டைப்பெட்டியை நீட்டினான். கொண்டையன் மூடியை நீட்டினான். சடையன் கழுவித் துடைத்த காலிப் புட்டியைக் கொடுத்தான். ஒச்சான் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை மடிப்புக் கலையாமல் கொடுத்தான்.

"மருந்து எங்கய்யா?"

"அது அஞ்சாவது பங்காப் போச்சு டாக்டரய்யா. நாங்க நாலு பேருதானே? கடையிலேயே டம்ளர்ல ஊத்தி வச்சிட்டு வந்திருக்கோம்" என்றான் ஒச்சான். "எங்கம்மாவுக்கு எழுவது வயசு. இன்னொரு தம்பியப் பெத்துக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். அவன் நடக்க ஆரம்பிச்சதும் மொத வேலையா வாங்கியாந்துருவான். அதுவரைக்கும் எருமையக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."